ஜாதியைச் சொன்னதும் அறிவு ஏன் தடுமாறுகிறது?

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், உத்தரப் பிரதேசத்துக் கிராமப்புறத்தில் ஆறாம் ஏழாம் வகுப்புச் சிறுவர்களைக் கொண்டு நடத்திய ஒரு பரிசோதனை, ஜாதி வேற்றுமை மனத்துக்குள் எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டது. மேல்ஜாதிப் பிள்ளைகள் 321 பேர், தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் 321 பேர். காகிதத்தில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளுக்கு வழி காண்பதே வேலை. விடுவித்த ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு.

இன்னார் இன்ன ஜாதி என்று வெளியிடாதபோது இரு சாராரும் ஏறக்குறையச் சமமாகவே விடுவித்தார்கள். ஆனால், பிள்ளையின் பெயரோடு ஊரையும், தகப்பன் பாட்டன் பெயர்களையும், ஜாதியையும் எல்லார் முன்னிலையிலும் உரக்க அறிவித்த பிறகோ, தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் விடுவித்த புதிர்களின் தொகை வெகுவாகக் குறைந்துபோயிற்று.

புத்தி ஒரு நிமிஷத்தில் தேய்ந்துவிடுமா? நிச்சயமாக இல்லை. பரிசளிப்பதில் மனிதரின் தீர்ப்புக்குப் பதிலாகத் திருவுளச்சீட்டுக்கு இடம் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்ததைக் கண்ட ஆராய்ச்சியாளர்கள், 'நமக்கு நியாயம் கிடைக்காது' என்ற அவநம்பிக்கையே ஊக்கத்தைக் கெடுக்கிறது என்று அனுமானித்தார்கள். அந்த அவநம்பிக்கை அநுபவத்தின் பயனேயன்றிக் குழந்தையின் குற்றமன்று. 1995-இல் அமெரிக்காவில் ஸ்டீல், அரோன்சன் என்னும் உளவியலாளர் இருவரும் கறுப்பின மாணவர்களிடம் நடத்திய ஆராய்ச்சியும் இந்தப் பரிசோதனைக்கு நெருங்கியதே.

ஆசிரியப் பெருமக்களே, உதவித்தொகைக்காகவாயினும், வகுப்பறையில் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி அவன் ஜாதியைக் கேளாதீர்கள்.