நடுவராய் அமர்ந்த தீவு

ஆகஸ்ட் 29ஆம் நாள் நம் மாதா கோவிலில் கொடியேறிவிட்டால், வேளாங்கண்ணி வீதிகளில் யாழ்ப்பாணத் தமிழும் சிங்களமும் காதில் விழும். கடல் கடந்து வரும் அந்த யாத்திரிகர்களின் நாடாகிய இலங்கை, பரப்பில் தமிழ்நாட்டில் பாதிதான். ஆயினும் இரண்டு பெரிய நாடுகளின் வழக்கில் அது நடுவராய் அமர்ந்த காலம் ஒன்று உண்டு.

1952இல், கொரியப் போரின்போது, சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாதென்று அமெரிக்கா தடுத்தது. இலங்கையிலோ அரிசித் தட்டுப்பாடு. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி பெறச் சீனாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்க உதவி நின்றது. ஐக்கிய நாடுகள் சபையில்கூட அன்று அதற்கு இடமில்லை, 1955இல்தான் கிடைத்தது. சோற்றுக்காக ஒரு நாடு இவ்வளவு துணிந்ததை நெல் விளையும் நம் சீமையில் விளக்கிச் சொல்ல வேண்டுமா?

1962இல் இந்தியாவும் சீனாவும் எல்லையில் போரிட்டன. அவ்வாண்டு டிசம்பரில் இலங்கைப் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா, பர்மா, கம்போடியா, இந்தோனேஷியா, எகிப்து, கானா ஆகிய நாடுகளைக் கொழும்புக்கு அழைத்தார். அங்கு வகுத்த யோசனைகளுடன் தாமே பீகிங்கிற்கும் டில்லிக்கும் சென்றார். இந்தியா ஏற்றது, சீனாவோ கொள்கையளவில் ஏற்பதாகச் சொல்லி நிபந்தனை வைத்தது. வழக்குத் தீரவில்லை. ஆனால் இரு தலைநகரங்களும் அவருக்குக் கதவைத் திறந்தன. எந்த வல்லரசின் அணியிலும் சேராதவர் என்பதே அதற்குக் காரணம்.

உலகின் முதல் பெண் பிரதமரான அவர், கொழும்பு புனித பிரிஜெட் கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். திருச்சபையின் எதிர்ப்பையும் மீறிக் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றை அரசுடைமையாக்கியதும் அவர் ஆட்சிதான். அதையும் மறைப்பதற்கில்லை.

1976இல் அணிசேரா நாடுகளின் மாநாடு கொழும்பில் கூடியபோது இலங்கையின் மதிப்பு உச்சியில் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் புகைச்சல் இருந்தது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது முதலே தமிழர் மனம் குமுறியது. 1983 ஜூலையில் அது தீயாய்ப் பற்றியது. அதன்பின் நடுவரே வழக்காளியானார். 1987இல் ராஜீவ் காந்தி கொழும்பு சென்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 2002இல் இலங்கையைவிட மக்கள்தொகை குறைந்த நார்வே, போர்நிறுத்தத்துக்குத் தூது சென்றது. இரண்டும் நிலைக்கவில்லை, 2009 வரை போர் ஓயவில்லை.

2022இல் அந்நியக் கடனைக் கட்ட முடியாமல் இலங்கை தவித்தது. அவ்வாண்டு மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. அதில் இருந்தது அரிசி. இம்முறை விலைக்கோ பண்டமாற்றுக்கோ அன்று, தமிழக மக்களின் நன்கொடையாக.