சித்திரக் கலாசாலையும் ஜாகையும்

பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலம் வந்துவிட்டால் நம் தேசத்துத் தகப்பனார்களுக்கெல்லாம் ஒரு ஜுரம் கண்டுவிடுகிறது. பிள்ளையை எந்தக் கலாசாலையில் சேர்ப்பது என்ற ஜுரம் அது. என்ஜினீயரிங் என்றோ வைத்தியம் என்றோ தீர்மானித்துவிட்ட வீடுகளில் அது சீக்கிரம் தணிந்துவிடும். அங்கே மார்க்கு என்ற ஒன்று இருக்கிறது. இத்தனை மார்க்கு என்றால் இன்ன கலாசாலை என்று விஷயம் முடிந்து போகிறது. ஆனால், "நான் சித்திரம் படிக்கப் போகிறேன்" என்று ஒரு பிள்ளையோ பெண்ணோ சொல்லிவிட்ட வீட்டின் கதி வேறு. அங்கே வருகிறது விஷஜுரம்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஒருவர் சென்ற வருஷம் இந்த ஜுரத்துடன் சென்னைக்கு வந்து என் வீட்டில் இறங்கினார். கூடவே அவருடைய பெண்ணும், அவருடைய தாயாரும். பெண்ணின் கையில் கனமான நோட்டுப் புத்தகங்கள். தகப்பனார் கையில் இரண்டு பிராஸ்பெக்டஸ்கள். ஒன்று வழவழப்பான காகிதத்தில், பணக்கார வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைத் தோற்கடிக்கும் டாம்பீகத்துடன் இருந்தது. மற்றொன்று சாதாரண காகிதத்தில் அச்சிட்ட சில பக்கங்கள்.

"அண்ணாச்சி! முதலில் குழந்தையின் நோட்டைப் பார்க்கலாம், காலேஜ் நோட்டை அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

பார்த்தேன். கடையில் துணி மடிப்பவர்கள், கோவில் யானையின் பின்னங்கால், ஆற்றங்கரைப் படிகள், வெற்றிலை மடிக்கும் பாட்டியின் கை. இந்தக் கை மட்டும் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் இருந்தது. முதல் பக்கத்தில் அது வெறும் கையாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் அது பாட்டியின் கையாக ஆகியிருந்தது. சொந்தமாக யோசித்துத் திருத்திக்கொள்ளத் தெரிந்த பெண் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஆச்சிக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "ஏய்யா, படம் போடுததுக்கு ஒரு காலேசா? அதைப் படிச்சு சோத்துக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

இது ஆச்சி ஒருவரின் கேள்வி அல்ல. இந்தப் பத்திரிகையை வாசிக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கேள்வி உண்டு என்பதை நான் அறிவேன். ஆகையால் ஆச்சிக்குச் சொன்ன பதிலை இங்கே விவரமாகவே எழுதுகிறேன்.

அவர் ரயிலுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தது ஓர் அலுமினியத் தூக்குப் பாத்திரத்தில். அந்தப் பாத்திரத்தின் பூர்வோத்தரம் சென்னைச் சித்திரக் கலாசாலையில் இருக்கிறது. 1850-ஆம் வருஷத்தில் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. பிறகு சர்க்கார் வசமாயிற்று. அங்கே சித்திரம் எழுதினார்கள். அத்துடன் மண்பாண்டம் செய்தார்கள், மரம் இழைத்தார்கள், உலோகம் அடித்தார்கள். 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அந்தப் பள்ளியிலேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைச் சோதனையாக ஆரம்பித்தார். அது பலித்துத் தனிக் கம்பெனியாகவே பிரிந்து போயிற்று. பித்தளை வாங்க முடியாத வீடுகளின் அடுப்பங்கரையில் அலுமினியம் ஏறிய கதையின் முதல் அத்தியாயம் ஒரு சித்திரப் பள்ளியில் எழுதப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

ஆச்சி தூக்குப் பாத்திரத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். நான் விடவில்லை. 1958-ல் இந்திய சர்க்கார் அழைப்பின் பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதிகள், இந்த தேசத்துக்கு எந்த விதமான வடிவமைப்புக் கல்வி வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். இங்கே அவர்கள் கண்ட பொருள்களுக்குள் எல்லாம் அவர்கள் அதிகமாக வியந்தது நம்முடைய சாதாரணச் செம்பைத்தான். இடுப்பில் வைத்தால் எப்படி இருக்கும், தண்ணீர் ஊற்றும்போது எப்படிச் சாயும், எவ்வளவு கனம், கழுவ லகுவா என்றெல்லாம் விரிவாக யோசித்திருக்கிறார்கள். அந்த அறிக்கையின் பயனாக 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் ஏற்பட்டது. அதன் கல்வித் திட்டத்துக்கு அடிகோலியவர்களில் முக்கியமானவரான தசரத் படேல் நமது சென்னைக் கலாசாலையில் படித்தவர் என்பது நமக்குச் சற்றுப் பெருமை தரும் சமாசாரம்.

"செம்பைப் பத்திச் சொல்ல அமெரிக்காவிலேருந்து ஆள் வரணுமாக்கும்!" என்று ஆச்சி முகவாயில் கை வைத்தார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் இரண்டு கலாசாலைகளையும் பார்க்கப் புறப்பட்டோம். முதலில் வழவழப்புக் காகிதம். ஊருக்கு வெளியே, கண்ணாடி மாளிகை. பெயர் வேண்டாம். வாசலிலேயே குளிர்ச்சியான கூடமும், காபியும், புன்னகையும் கிடைத்தன. ஒரு வருஷக் கட்டணத்தைக் கேட்டு அண்ணாச்சி காபியைக் கீழே வைத்துவிட்டார். அதைக்கூட நான் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல கருவிகளுக்குப் பணம் ஆகத்தான் செய்யும். "பட்டறையைப் பார்க்கலாமா?" என்று பெண் கேட்டாள். அழைத்துக்கொண்டு போனார்கள். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்பதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. திறந்து பார்த்தால் மண்பாண்டச் சூளையின்மேல் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஒட்டியிருந்த தாள்கூடக் கிழிக்கப்படாமல் இருந்தது. கம்ப்யூட்டர் அறை மாத்திரம் ஜகஜ்ஜோதியாக இருந்தது. சுவர்களில் மாட்டியிருந்த சித்திரங்களில் மாணவர்கள் எழுதியது ஒன்றும் இல்லை. எல்லாம் விலைக்கு வாங்கியவை.

பெற்றோர்களுக்கு என் விண்ணப்பம் இது. கலாசாலையைப் பார்க்கப் போனால் முகப்பைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். வர்ணம் சிந்தியிருக்கிறதா, மரத்தூள் கிடக்கிறதா, களிமண் காய்ந்திருக்கிறதா? கைகழுவும் தொட்டி சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பட்டறை மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். ஆசிரியர்கள் தாங்களும் ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். போன வருஷம் படித்து வெளியேறிய இரண்டு பிள்ளைகளின் விலாசம் கேட்டு அவர்களிடமே பேசுங்கள். கட்டணப் பட்டியலில் வராத செலவு ஒன்று உண்டு. வர்ணம், கான்வாஸ், காகிதம், அச்சுக்கூலி என்று மாதந்தோறும் கரைந்துகொண்டே இருக்கும். அதைக் கலாசாலைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். இரண்டாம் வருஷத்து மாணவன் சொல்வான்.

பிற்பகலில் பெரியமேட்டுக்கு வந்தோம். பழைய செங்கல் கட்டடங்கள், பழைய மரங்கள், அவற்றின் நிழலில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகள். 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌதுரி இந்தக் கலாசாலையின் தலைமைப் பதவியை ஏற்றார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. மல்யுத்தமும் வேட்டையும் புல்லாங்குழலும் பழகிய விசித்திர மனுஷ்யர். மெரினாக் கடற்கரையில் 1959-ல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அதற்கு நின்று காட்டியவர்களில் ஒருவர் இந்தக் கலாசாலையின் இரவுக் காவல்காரர் என்பார்கள். அவருக்குப் பின் வந்த கே. ஸி. எஸ். பணிக்கர் காலத்தில் வெளியேறியவர்கள்தாம் பிற்காலத்தில் சென்னைக்கென்று ஒரு சித்திர மரபை உண்டாக்கினார்கள். வாரப் பத்திரிகைகளில் கோட்டோவியம் பார்த்துப் பழகிய நம் வாசகர்களுக்கு ஆதிமூலத்தின் பெயரைச் சொன்னால் போதும்.

இங்கே நாலு வருஷப் படிப்பு. ஓவியம், சிற்பம், அச்சுச் சித்திரம் மட்டுமன்றி, நெசவு வடிவமைப்பு, மண்பாண்ட வடிவமைப்பு முதலியவையும் உண்டு. சர்க்கார் கலாசாலையாதலால் கட்டணம் மிகச் சொற்பம். கும்பகோணத்திலும் இத்தகைய சர்க்கார் கலாசாலை ஒன்று இருக்கிறது. ஆமதாபாத்துக்குப் போக விரும்புகிறவர்கள் இரண்டு கட்டமாகப் பரீட்சை எழுத வேண்டும், ஐ.ஐ.டி.க்களில் வடிவமைப்புப் படிக்க 'யூசீட்' என்ற தனிப் பரீட்சை. உடை வடிவமைப்புக்குத் தரமணியில் தேசியக் கழகம் ஒன்று 1995 முதல் நடந்து வருகிறது. எந்தப் பரீட்சையானாலும் பயிற்சி வகுப்புக்குக் கொட்டும் பணத்தில் பாதிக்குக் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தால் நலம் என்பது என் அபிப்பிராயம்.

"நெசவு டிசைன் எடுத்தால் கடைக்கும் ஆகும்" என்றார் அண்ணாச்சி. பெண் மண்பாண்டப் பகுதியின் வாசலைவிட்டு நகரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவுதான் உண்மையான கஷ்டம் தலைகாட்டிற்று. "படிப்பு இருக்கட்டும், பெண் எங்கே தூங்குவாள்?" என்று அண்ணாச்சி கேட்டார். கண்ணாடி மாளிகையில் விடுதி உள்ளேயே இருக்கிறது, வாசலில் காவல், மூன்று வேளை போஜனம். பெரியமேட்டில் படித்தால் வெளியே ஜாகை தேட வேண்டியிருக்கும். "பத்திரமான ஜாகை கிடைத்தால் சேர்க்கிறேன். கிடைக்காவிட்டால் ஊரிலேயே பி.காம். படிக்கட்டும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். பெண் ஒன்றும் பேசாமல் நோட்டுகளை அடுக்கிக் கட்டினாள்.

விடுதி என்றால் தூங்குவதற்கு ஓர் இடம் என்றே நாம் நினைக்கிறோம். சித்திர வித்தியார்த்திக்கு அது இன்னொரு வகுப்பு. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் மாணவர் விடுதி ஒன்றின் உட்கூரை முழுவதிலும் 1940-ல் வினோத் விஹாரி முகர்ஜி சித்திரம் தீட்டினார். குளம், மரம், வயல், மாடு, மனிதர் என்று வீர்பூம் ஜில்லாக் கிராமம் ஒன்றே மேலே விரிந்திருக்கிறது. அவருக்குப் பிறவியிலேயே ஒரு கண் பார்வை கிடையாது, மற்றதும் மங்கல். பின்னாளில் பார்வையை முழுவதுமே இழந்தார். அதே 1940-ல் கல்கத்தாவிலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அங்கே படிக்க வந்து அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தான். அவன்தான் சத்யஜித் ராய். படிப்பை முடிக்காமலே 1942-ல் கிளம்பி, மறு வருஷம் எண்பது ரூபாய் சம்பளத்தில் விளம்பரக் கம்பெனியில் சித்திரம் வரையும் வேலைக்கு அமர்ந்தார். ஆனால் கூரையை மறக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1972-ல், அந்த ஆசிரியரைப் பற்றியே ஒரு படம் எடுத்தார்.

அதே கலாபவனத்தில் மண்ணாலும் தாராலும் கட்டிய 'கறுப்பு வீடு' ஒன்றும் உண்டு. அதுவும் மாணவர் விடுதிதான். அதன் சுவர்ச் சிற்பங்களில் மாணவர்களின் கைவேலையும் இருக்கிறது. சென்னை ராஜதானிக் கலாசாலையில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த கே. ஜி. சுப்பிரமணியன், 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் சிறை சென்றார். சர்க்கார் கலாசாலைகளின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. 1944-ல் அவருக்குத் திறந்த கதவு சாந்திநிகேதனத்தினுடையது. பின்னாளில் அங்கேயே ஆசிரியராகி, கலாபவனத்துக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர்களைக் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களால் நிரப்பினார். நம் சென்னையிலும் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் துணியில் பாத்திக் வேலை செய்து விற்ற காசைக் கொண்டு கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். ஜாகைக் கஷ்டத்துக்கு இதைவிடத் துணிச்சலான பரிகாரத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அண்ணாச்சிக்கு வேண்டியது சரித்திரம் அல்ல, ஓர் அறை. நாலு நாள் அலைந்தோம். முதலில் பார்த்த பெண்கள் விடுதியில் ஓர் அறைக்கு ஆறு கட்டில். இரவு எட்டு மணிக்குக் கதவு சாத்தப்படும். விளக்கோ மினுக்கட்டாம் பூச்சி. தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்துவோர் 2014-ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டரிடம் பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொன்னேன். "அடுத்த மாதம் வந்துவிடும்" என்றார்கள். நாங்கள் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம். இரண்டாவது இடத்தில் எல்லாம் திருப்தி. வீட்டுக்காரர் மகா உத்தமர். "என்ன படிக்கிறாய், அம்மா?" என்று கேட்டார். பெண் உண்மையைச் சொன்னாள். "டர்பன்டைன், களிமண் இவையெல்லாம் மொசேக் தரைக்கு ஆகாது" என்று கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

ஐந்தாம் நாள் புரசைவாக்கத்தில் ஓய்வு பெற்ற உபாத்தியாயினி ஒருவரின் மாடியறை கிடைத்தது. கலாசாலைக்கு நடந்தே போகும் தூரம். வடக்கு நோக்கிய ஜன்னல். பகல் முழுவதும் நிலையான வெளிச்சம். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. ஈரமான சாமான் எதுவாயினும் அங்கே. இரவு ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும். பட்டறையில் வேலை இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். வாடகை, முன்பணம், மின்சாரக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். அண்ணாச்சி படியேறிப் பார்த்தார், தாழ்ப்பாளை மூன்று தரம் போட்டுப் போட்டுத் திறந்தார், கொட்டகையின் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். அந்த அம்மாளோ பெண்ணின் நோட்டைப் புரட்டி, வெற்றிலை மடிக்கும் கைக்கு வந்ததும் நிறுத்தி, "இது யார்?" என்று கேட்டார்.

"என் கையில்லா அது!" என்றார் ஆச்சி. அதுவரை அந்த நோட்டை அவர் பார்த்ததே இல்லை.

மண்பாண்டமா நெசவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. முதல் வருஷம் முடிந்தபின் தீர்மானிப்பதாகச் சொல்லி அண்ணாச்சி ஊருக்கு ரயிலேறினார். தகரக் கொட்டகையில் மழைக்கு ஒழுகுகிறது என்று ஐப்பசியில் பெண்ணிடமிருந்து சேதி வந்தது. நானே ஆள் அழைத்துக்கொண்டு போய்ச் சரி பண்ணினேன். அங்கே பலகையின்மேல், ஈரத் துணியால் மூடி, சுடாத மண் செம்பு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.