மஞ்சள் சீட்டும் வாக்கின் பங்கும்

தாம்பரமும் பல்லாவரமும் அவற்றை ஒட்டிய பேரூராட்சிகளும் 2021 நவம்பரில் ஒரே மாநகராட்சியாக இணைந்தபோதும், மேடவாக்கம், முடிச்சூர், பொழிச்சலூர், அகரம்தென் போன்ற ஊர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளால் நகரமாகவே தோன்றினாலும், புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் ஊராட்சிகளாகவே நீடித்தன. அதே ஆண்டு அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, வாக்காளருக்கு ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் என நான்கு பதவிகளுக்கு நிறம் வேறுபட்ட நான்கு சீட்டுகள் தரப்பட்டன. முதல் இரண்டும் கட்சி சார்பற்றவை. பச்சை நிற ஒன்றியச் சீட்டிலும் மஞ்சள் நிற மாவட்டச் சீட்டிலும்தான் கட்சிச் சின்னங்கள் இடம்பெறும்.

மஞ்சள் சீட்டின் முடிவு கவனத்துக்குரியது. ஒன்பது மாவட்டங்களிலும் சேர்த்து இருந்த 140 மாவட்ட வார்டுகளில் 138 அன்று ஆளுங்கட்சியாக இருந்த திமுகவின் கூட்டணிக்கும் இரண்டே இரண்டு அதிமுகவுக்கும் கிடைத்தன. மக்கள் எதிர்க்கட்சிகளுக்கு வாக்களிக்கவில்லை என்று இதற்குப் பொருளல்ல. வார்டில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே முழு இடமும் சேரும் முறையின் விளைவு இது. செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சியின் 16 வார்டுகளிலும் மூன்று கட்சிகள் 45, 35, 20 விழுக்காடு என ஒரே அளவில் வாக்குப் பெறுவதாகக் கொண்டால், இம்முறையில் முதல் கட்சி பதினாறையும் அள்ளிக்கொள்ளும். வாக்கின் அளவுக்கேற்ப இடங்களைப் பங்கிடும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்திலோ அவை 7, 6, 3 எனப் பிரியும். மாவட்ட ஊராட்சித் தலைவரை இந்த உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பதால், மன்றம் ஒருதலையாக அமைவது தலைமையையும் கணக்குக் கேட்கும் குரலையும் சேர்த்தே பாதிக்கிறது.

விகிதாசாரம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஒரே வாக்கில் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசைப்படுத்தி, வென்றவரின் உபரியையும் தோற்றவரின் வாக்கையும் அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் முறைக்கு மாற்றத்தக்க ஒற்றை வாக்கு என்று பெயர். 1986இல் சட்ட மேலவை கலைக்கப்படும்வரை, அதன் உள்ளாட்சித் தொகுதிகளுக்கு உள்ளாட்சி உறுப்பினர்கள் இம்முறையில்தான் வாக்களித்தனர். மாநிலங்களவைக்கு இன்றும் இதுவே விதி. ஆறு இடங்களுக்குத் தேர்தல் என்றால் 234 சட்டமன்ற உறுப்பினர்களில் 34 பேரின் ஆதரவு ஓரிடத்தை உறுதிசெய்யும் என்பதால், 2022இல் நான்கு இடங்கள் திமுக அணிக்கும் இரண்டு அதிமுகவுக்கும் போட்டியின்றியே போய்ச் சேர்ந்தன. உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் இந்த நியாயம் முடிச்சூர் வாக்காளருக்குக் கிடைக்காதிருப்பது பெருங்குறை.

தெருவிளக்கு எரியாவிட்டால் எந்த உறுப்பினரைத் தேடிப் போவது என்ற கேள்விக்கு விடை இருந்தாக வேண்டும் என்பதால், வார்டு முறையை முற்றிலும் கைவிடுவது சரியாகாது. இலங்கையின் பிரதேச சபைகள் 2018 முதல் ஏறத்தாழ 60 விழுக்காடு உறுப்பினர்களை வட்டாரத்திலும் எஞ்சியோரைக் கட்சிப் பட்டியலிலும் தெரிவுசெய்கின்றன. அதனால் யாழ்ப்பாணத்தில் பல சபைகள் தனிப் பெரும்பான்மையின்றி, பேச்சுவார்த்தையால் தவிசாளரைத் தேட நேர்ந்தது. இந்திய அரசியலமைப்பின் 243சி பிரிவோ ஊராட்சி இடங்கள் அனைத்தும் தொகுதிகளிலிருந்து நேரடியாகவே நிரப்பப்பட வேண்டும் என்பதால் பட்டியல் முறைக்கு இடமில்லை. ஆனால் அதே பிரிவு ஒரு தொகுதிக்கு ஒதுக்கப்படும் இடங்களின் எண்ணிக்கை பற்றிப் பேசுவதால், அயர்லாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் 1920 முதலும் ஸ்காட்லாந்து 2007 முதலும் செய்துவருவதுபோல, பல உறுப்பினர் வார்டுகளில் விருப்ப வரிசை வாக்கைக் கொண்டுவருவதற்கு வழி திறந்தே இருக்கிறது. அப்போது மஞ்சள் சீட்டில் முத்திரைக்குப் பதில் எண்கள் எழுதப்படும். எண்ணிக்கை, அயர்லாந்தில் போலவே, சில நாள்கள் நீளலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்தக் காத்திருப்பு அதிகமன்று.