கடலில் விழுந்த கோடிகள்

செட்டிநாட்டில் கொத்தமங்கலம் போன்ற ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று தொழில் நடத்திய நகரத்தார், கணக்கு எழுதுவதில் வல்லவர்கள். இலாபமானாலும் நட்டமானாலும் பேரேட்டில் ஏறிவிடும். விண்வெளித் துறையில் நேர்ந்த ஒரு நட்டத்திற்கு நாமும் அவ்வாறே கணக்கு எழுதிப் பார்ப்போமா?

2006 ஜூலை 10ஆம் நாள் மாலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி.-எஃப்02 ஏவுகலம் கிளம்பியது. அதன் உச்சியில் 2,168 கிலோகிராம் எடையுள்ள இன்சாட்-4சி செயற்கைக்கோள் இருந்தது. ஏவுகலத்தின் பக்கங்களில் பொருத்தியிருந்த நான்கு எந்திரங்களுள் ஒன்று உந்துவிசையை இழந்தது. சமநிலை கெட்டது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஏவுகலம் சிதைந்து, துண்டுகள் வங்கக் கடலில் விழுந்தன.

முதல் பற்று, ஏவுகலமும் செயற்கைக்கோளும் சேர்ந்து சுமார் 250 கோடி ரூபாய். பழுதான பேருந்தைப் பட்டறைக்கு அனுப்பலாம். இங்கே பழுது பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது பற்று, காலம். வீடுகளின் கிண்ண ஆன்டெனாக்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி வழங்க அதில் 12 டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. தரையிலிருந்து வரும் அலைகளை வாங்கி, வலுவூட்டித் திருப்பியனுப்பும் கருவிகள் இவை. இவற்றை வாடகைக்கு விட்டே வருமானம் வரும். மாற்றாக இன்சாட்-4சிஆர் ஏவப்பட்டது 2007 செப்டம்பர் 2இல்தான். ஏறத்தாழ 14 மாத வாடகையையும் நட்டத்தில் சேர்க்க வேண்டும் அல்லவா?

காப்பீடு செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம். 1982இல் அமெரிக்க ராக்கெட்டில் சென்ற இன்சாட்-1ஏ சில மாதங்களில் செயலிழந்தபோது காப்பீட்டுத் தொகை கிடைத்தது. ஆனால் சில முறையே பறந்த ஏவுகலத்திற்குப் பிரீமியம் மிக அதிகம். எனவே நம் சொந்த ஏவுகலங்களில் அனுப்பும்போது பெரும்பாலும் காப்பீடு செய்வதில்லை.

வரவுப் பக்கம் ஒன்றுமே இல்லையா? உண்டு. எந்திரத்திற்குச் செல்லும் உந்துபொருளைக் கட்டுப்படுத்தும் சீராக்கியில் கோளாறு என்று ஆய்வுக்குழு கண்டது. அது தேவைக்கு மேல் உந்துபொருளை விட்டதால் அழுத்தம் எல்லை மீறியது. ஏவுகலத்தின் வடிவமைப்பில் குறையில்லை. உறுப்பைச் செய்தபோது நேர்ந்த தவறு சோதனைகளிலும் தப்பிவிட்டது. அதனால் புதிதாக வடிவமைக்க வேண்டியிருக்கவில்லை. தயாரிப்பையும் சோதனையையும் கடுமையாக்கினார்கள். அடுத்த ஜி.எஸ்.எல்.வி.தான் இன்சாட்-4சிஆரை மேலே கொண்டுசென்றது.

ஒரு சிறு உறுப்பின் பிழை 250 கோடியை விழுங்கியது. ஆய்வுக்கூடத்தில் அளவுகருவியைக் கையில் எடுக்கும் மாணவர்களே, மறுமுறை அளந்து பார்க்கச் சோம்பல் வரும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.