சிறுநீரக மாற்றுக்குப் பின் தோட்ட வேலை: பொன்னிறத் துஜாவும் தொட்டி மண்ணும்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனைக்கு வருவோர், உணவு பற்றிய ஐயங்களுக்கு அடுத்தபடியாகக் கேட்பது தோட்டத்தைப் பற்றித்தான். ஆண்டுக்கணக்கில் வளர்த்த செடிகளை இனித் தொடவே கூடாதா என்று சிலர் வருத்தத்துடன் வினவுகின்றனர். அவ்வாறு முற்றிலும் விலக வேண்டியதில்லை. எந்தச் செடி, எப்போது, யார் கையால் என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் போதும். இதனை விளக்க ஒரு செடியையே எடுத்துக்கொள்வோம்.

நர்சரிகளில் 'கோல்டன் துஜா' என்று கேட்டால் கிடைக்கும் குட்டை ஊசியிலைச் செடி அது. சீனத்தைத் தாயகமாகக் கொண்டது. இலைகள் செதில் போன்றவை. விசிறி விசிறியாகச் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கும். நுனிகள் பொன்மஞ்சளாகவும் உட்புறம் பச்சையாகவும் காணப்படும். கத்தரிக்காமலே முட்டை வடிவம் கொள்ளும். பல ஆண்டுகளில்தான் இடுப்பளவு உயரத்தை எட்டும். முள் இல்லை. அடிக்கடி தொட்டி மாற்ற வேண்டியதில்லை. ரோஜாவையும் காகிதப்பூவையும் விட இதனை நான் விரும்பிப் பரிந்துரைப்பதற்கு இவ்விரண்டுமே காரணம்: முள் குத்திய சிறு காயமும், மண்ணைக் கிளறும் வேலையும்தான் நம் நோயாளிகளுக்கு இடர் தருபவை.

பொன்னிறம் நிலைக்க நாள்தோறும் சில மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும்; நிழலில் வெறும் பச்சையாகிவிடும். ஆகவே இது அறைக்குள் வைக்கும் செடியன்று. நோயாளி உறங்கும் அறையில் எந்தத் தொட்டி மண்ணும் இருத்தல் ஆகாது. மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுக. குளிர் மாதங்களில் நுனிகள் செம்பழுப்பாக மாறுவது இயல்பு. உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் இது நன்கு புலப்படும். செடி வாடுகிறதென்று எண்ணி மேலும் மேலும் நீர் ஊற்றுவதாலேயே வேர் அழுகிப் பல துஜாக்கள் மடிகின்றன. உள்ளே காய்ந்து பழுத்த இலைகளும் இயல்பானவையே. இலையற்ற பழைய கிளை வரை வெட்டினால் அவ்விடத்தில் மீண்டும் தளிர்ப்பது அரிது.

இனி மண். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்காக உட்கொள்ளும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசொலோன் ஆகியவை நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கின்றன. நலமுடையோர் மூச்சுடன் இழுத்தும் தீங்கின்றி வெளியேற்றிவிடும் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் நுண்வித்துகள், அத்தகைய உடலில் நுரையீரலைத் தாக்கக்கூடும். மட்கிய இலை, தொழு உரம், மூட்டையில் நாள்பட்ட மண்கலவை ஆகியவற்றில் அவை மிகுதி. மண்ணில் வாழும் நோகார்டியாவும், மழைக்காலத்தில் ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பெருகும் மெலியாய்டோசிஸ் கிருமியும் இவ்வாறே. பின்னது நீரிழிவு உடையவர்களை மிகுதியாகத் தாக்குவது; நம் நோயாளிகளில் நீரிழிவால் சிறுநீரகம் இழந்தவர் பலர் என்பதை நினைவில் கொள்க.

எனவே முதல் ஆறு மாதங்கள் நோயாளி மண்ணைத் தொட வேண்டாம். நடுவதும், தொட்டி மாற்றுவதும், உரமிடுவதும் குடும்பத்தினர் பணி. உர மூட்டையை வெட்டவெளியில் பிரித்து, புழுதி எழாதவாறு நீர் தெளித்த பின்னரே அள்ள வேண்டும். அவ்வேளையில் நோயாளி அருகில் இருக்க வேண்டாம். ஆறு மாதங்களுக்குப் பின், மருந்தளவு குறைந்து மருத்துவரும் இசைவு தந்தால், கையுறை, முகக்கவசம், மூடிய காலணி ஆகியவற்றுடன் எளிய வேலைகளைச் செய்யலாம். பருவமழை நாட்களில் அதுவும் வேண்டாம். செடிக்கு வெயில் தேவை. உங்களுக்கோ அது கேடு. இம்மருந்துகளால் தோல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுவதால், காலை எட்டு மணிக்குள் தோட்ட வேலையை முடித்துக்கொள்க. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். அதனை அன்றன்றே கவிழ்த்துவிடுக.

துஜா என்றதும் சிலருக்கு மரு நினைவுக்கு வரும். எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்குக் கை, கால்களில் மரு தோன்றுவது மிகச் சாதாரணம். மருவுக்குத் துஜா மருந்து என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. வீட்டிலேயே செடி இருக்க, இலையை அரைத்துப் பூசவும் காய்ச்சிக் குடிக்கவும் தோன்றும். இரண்டும் கூடாது. இப்பெயரில் வழங்கும் வட அமெரிக்க மரத்தின் எண்ணெயில் துஜோன் என்னும் பொருள் உள்ளது. அளவு மிகுந்தால் வலிப்பு உண்டாகும். நர்சரியில் இரு செடிகளும் ஒரே பெயரில் விற்கப்படுவதால் வேறுபாடு அறிவது எளிதன்று. மேலும், கஷாயங்கள் சில குருதியில் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றியோ இறக்கியோ விடும்; ஏறினால் சிறுநீரகத்துக்கு நஞ்சு, இறங்கினால் உடல் அதனை ஒதுக்கித் தள்ளும். மரு தோன்றினால் தோல் மருத்துவரிடம் காட்டுக. நீங்கள் மரு என்று கருதுவது தோல் புற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, பத்து நாட்களாக இருமல் நீடித்தாலோ, கையில் ஆறாத கொப்புளம் எழுந்தாலோ காத்திராமல் வருக. வரும்போது, அண்மையில் மண்ணில் வேலை செய்ததை நீங்களே முன்வந்து தெரிவியுங்கள். நோகார்டியா மெதுவாக வளர்வது; மெலியாய்டோசிஸ் கிருமியோ வேறொன்றாகத் தவறாக அறியப்படக்கூடியது. ஆய்வகத்துக்கு நாங்கள் முன்கூட்டியே குறிப்பிட்டு அனுப்பினால்தான் அவற்றைத் தேடிப் பார்ப்பார்கள்.