வளரும் நாட்டின் கரிமக் கணக்கு – 9: தண்டவாளம் முதலில்

சென்ற வாரம் மொத்தக் கணக்கைப் பார்த்தோம். 2024 டிசம்பரில் இந்தியா ஐ.நா.விடம் அளித்த அறிக்கைப்படி, 2020-ஆம் ஆண்டில் நாடு வெளியிட்ட பசுங்குடில் வாயுக்கள் ஏறத்தாழ 296 கோடி டன். காடுகள் உறிஞ்சிக்கொண்டதைக் கழிக்காத எண் இது. அதில் முக்கால் பங்கு எரிசக்தியிலிருந்து வருகிறது. அனல்மின் நிலையம், வாகனம், ஆலை, அடுப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். இந்த வாரம் அந்தக் கணக்கோடு, சென்னைக்குத் தெற்கே உள்ள ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்குவோம்.

ஊரப்பாக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. அங்கே உமிழ்வுக் குறைப்புத் திட்டம் என்றால், ஏற்கெனவே இருப்பதை மூடுவது, மாற்றுவது, பழுது பார்ப்பது. ஊர்கள் கட்டி முடிந்துவிட்டன. நம் நிலைமை வேறு. 2050-இல் இந்தியாவில் நிற்கப்போகும் கட்டடங்களில் பெரும்பகுதியை இனிமேல்தான் கட்டப்போகிறோம். அவற்றில் ஓடப்போகும் ஏசி இன்னும் கடைக்கே வரவில்லை. வண்டலூர் தொடங்கி செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் மனைக்கற்கள் ஊன்றிய காலி நிலங்களைப் பாருங்கள். வளரும் நாட்டின் உமிழ்வுத் திட்டத்தில் பாதி அங்கேதான் கிடக்கிறது. இனி வரப்போவது என்ன வடிவில் வரும் என்பதைத் தீர்மானிப்பதே நம் திட்டத்தின் உயிர்.

தேசிய இலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015-இல் பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன் இந்தியா கொடுத்த வாக்கு: 2005-ஐ ஒப்பிட உமிழ்வுச் செறிவை 2030-க்குள் 33 முதல் 35 சதவீதம் குறைப்போம். 2022 ஆகஸ்டில் அதை 45 சதவீதமாக உயர்த்தினார்கள். மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் சாராததாக இருக்கும் என்பது இரண்டாவது வாக்கு. 2070-இல் நிகர பூஜ்யம் என்பது 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்தது. இவற்றில் செறிவு 2020-க்குள்ளேயே 36 சதவீதம் குறைந்துவிட்டது. நிறுவுதிறனில் பாதி என்ற இலக்கும் ஐந்தாண்டு முன்னதாகவே, 2025-இல் எட்டப்பட்டது.

செறிவு என்றால், உள்நாட்டு உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு கரிமம் வெளியாகிறது என்பது. 2070-க்கான நிகர பூஜ்யத்தைத் தவிர, மொத்த உமிழ்வைக் குறைப்பதாக நாம் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இது நியாயம் என்றே நான் கருதுகிறேன். ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கர் ஒருவர் 14 டன்னுக்குக் குறையாமல் வெளியிடுகிறார். வீட்டுக்கு வீடு மின்விசிறிகூட முழுதாகச் சுழலாத நாட்டிடம், இன்றே மொத்தத்தைக் குறை என்று கேட்பது அநீதி.

ஆனால் இந்த அளவுகோலில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களும் வங்கிகளும் இரும்பாலைகளைவிட வேகமாக வளர்ந்தால், யாரும் எதையும் திட்டமிடாமலேயே செறிவு இறங்கும். சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் உற்பத்தியாகும் ரூபாய் கூடக் கூட, தேசியக் கணக்கு அழகாகத் தெரியும். அந்தக் கட்டடங்களுக்குத் தினமும் பைக்கில் போய்வரும் ஊரப்பாக்கத்துக்காரரின் பெட்ரோல் அந்த வகுத்தலில் கரைந்துவிடும். நிறுவுதிறனிலும் அப்படித்தான். பாதி நிறுவுதிறன் பசுமை என்றாலும், நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. சூரியன் மாலையில் போய்விடும். நம் காற்றாலைகளுக்கு ஆடிக்காற்று ஓய்ந்தபின் வேலை குறைவு. இலக்கை எட்டிய நாடும் வருங்காலத்துக்குப் பெட்ரோலையும் நிலக்கரியையும் கட்டாயமாக்கிக்கொண்ட நாடும் ஒரே நாடாக இருக்க முடியும். என் கவலை அதுதான்.

அப்படி ஆவதும் ஆகாததும் ஊர் எந்த வரிசையில் கட்டப்படுகிறது, ரயில் முதலிலா வீடு முதலிலா என்பதைப் பொறுத்தது. நம் தென்புறநகரிடம் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது.

1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதை, தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்டது. அன்று தாம்பரம் ஏரியும் வயலும் குன்றும் சூழ்ந்த ஊர். மின்சார ரயில் வந்து ஆறு ஆண்டு கழித்து, 1937-இல்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக் காட்டுக்கு இடம் மாறியது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் எல்லாம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தை ஒட்டியே வளர்ந்தன. கடைத்தெரு, பள்ளி, காய்கறிச் சந்தை எல்லாமே ஸ்டேஷன் வாசலைப் பார்த்து அமைந்தன. காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், ஒரு கம்பெனி தன் வியாபாரத்துக்காகச் செய்த வேலை. அதனால் மூன்று தலைமுறை லட்சக்கணக்கான பேர் சொந்த வண்டி இல்லாமல் வேலைக்குப் போய்வந்தார்கள். எந்தத் தேசியத் திட்டத்தின் கணக்கிலும் அந்தச் சேமிப்பு ஏறியதில்லை.

இனி 2023-க்கு வாருங்கள். டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறந்தது. 88 ஏக்கர், சுமார் 394 கோடி ரூபாய். தென்மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு இங்கே வந்தன. ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம், கூப்பிடு தூரத்தில் தண்டவாளம். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயில்கள் அதன்மேல் நாள் முழுக்க ஓடுகின்றன. முனையம் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க ஒரு நிலையம் இல்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) ரயில்வேக்குச் சுமார் 20 கோடி ரூபாய் செலுத்தி, நிலையப் பணி அதன்பின்தான் தொடங்கியது. ஓராண்டு கடந்தும் அங்கே ரயில் நிற்கவில்லை. 394 கோடிக்கு முன்னால் 20 கோடி எவ்வளவு சிறியது என்பதை யோசித்தால் மனம் வலிக்கிறது.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதை ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தால் பார்த்திருக்கலாம். மதுரையிலிருந்து விடியற்காலையில் கிளாம்பாக்கம் வந்து இறங்கும் குடும்பம், கையில் ஒரு டிராலி, தோளில் ஒரு பை, இடுப்பில் குழந்தை. ரயில் பிடிக்க ஊரப்பாக்கமோ வண்டலூரோ வர வேண்டியிருந்தது. நடக்க முடியாத தூரமில்லை, ஜி.எஸ்.டி. சாலையோரம் டிராலி இழுத்து நடக்கத் தடம்தான் இல்லை. ஆட்டோக்காரர் சொல்லும் கட்டணத்துக்குத் தாம்பரம் வரையே போய்விடலாம் என்று ஆனபோது, அவர்கள் செல்போனை எடுத்துக் கால் டாக்சி போட்டார்கள். நகரிலிருந்து ஊரப்பாக்கம் திரும்புபவருக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. "செங்கல்பட்டு வண்டியா, தாம்பரம் வண்டியா?" கடற்கரையிலிருந்து புறப்படும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். மாலையில் வேலை முடிந்து வருபவர் தாம்பரத்தில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு மழைக்காலம் இப்படிப் போனால், மூன்றாவது மழைக்காலத்துக்கு முன் பைக்குக்கு முன்பணம் கட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த பைக்கின் கணக்கு இது. ஊரப்பாக்கத்திலிருந்து கிண்டி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். போக வர 50. நல்ல மைலேஜ் தரும் வண்டிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. வருடத்தில் 280 வேலைநாள் என்று வைத்தால் 640 கிலோவைத் தாண்டும். ஓர் இந்தியரின் சராசரி ஆண்டுக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு, அலுவலகம் போய்வருவதற்கு மட்டும். மின்சார ரயிலில் அதே தூரம் போனால் இதில் ஒரு சிறு பங்குதான் ஆகும், நிலக்கரி மின்சாரமாகவே இருந்தாலும். மாதத் தவணை கட்டத் தொடங்கியவர் ரயிலுக்குத் திரும்பிவருவது அபூர்வம். ரயில் நிலையத்தைத் தாமதமாகத் திறப்பதால் வரும் இழப்பு அந்த இரண்டு வருடத்தோடு முடிவதில்லை. பைக் கார் ஆகிறது. கார் நிறுத்த இடம் தேடி வீட்டு வரைபடம் மாறுகிறது. சாலையை அகலப்படுத்தும் கோரிக்கை வருகிறது.

இதைத் திருத்தும் முயற்சிகள் இல்லாமலில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயிலை நீட்டும் திட்டம் காகிதத்தில் இருக்கிறது. 2025-இல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தள மின்சாரப் பேருந்துகளை வியாசர்பாடியிலிருந்தும், பிறகு பெரும்பாக்கத்திலிருந்தும் இயக்கத் தொடங்கியது. அதே ஆண்டு பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் வந்தது. மூன்றையும் இணைப்பதற்கான சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையச் (கும்டா) சட்டம் 2010-லேயே நிறைவேறியது. அந்த ஆணையம் உண்மையில் கூடிச் செயல்பட 2022 ஆனது. கிளாம்பாக்கம் போன்ற முடிவுகள் எடுக்கப்பட்ட காலம் அந்த இடைவெளிதான்.

இனி வீட்டுக்குள் போவோம். 2019 மார்ச்சில் இந்தியா ஒரு குளிர்விப்புச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2037-38-க்குள் குளிர்விப்புக்கான எரிசக்தித் தேவையை 25 முதல் 40 சதவீதம் குறைப்பது அதன் நோக்கம். வளரும் நாடுகளில் இப்படி யோசித்தவை மிகச் சில. இதை நான் உண்மையாகவே பாராட்டுகிறேன். வீடுகளின் சுவரும் ஜன்னலும் வெப்பத்தை எவ்வளவு உள்ளே விடலாம் என்று சொல்லும் எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு அதற்கு முன்பே, 2018-இல் வந்துவிட்டது. ஆனால் அது 500 சதுர மீட்டர், அதாவது இரண்டேகால் கிரவுண்டுக்கு மேற்பட்ட மனைகளுக்கு உரியது. ஊரப்பாக்கத்தில் தனிவீடு கட்டுபவர் வாங்குவது அரை கிரவுண்ட், மிஞ்சினால் ஒரு கிரவுண்ட். தேசிய விதி அவர் தெருவுக்குள் நுழைவதே இல்லை.

ஆகவே அந்த வீட்டின் வெப்பத்தைத் தீர்மானிப்பவர் மேஸ்திரி. நம் ஊர் மேஸ்திரிகளுக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மொட்டைமாடியில் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். வெதரிங் கோர்ஸ் என்று இன்றும் எஸ்டிமேட்டில் ஒரு வரி வரும். பட்ஜெட் இடிக்கும்போது முதலில் அடிபடுவதும் அந்த வரிதான். மே மாத இரவு ஒன்பது மணிக்கு மேல்தளத்து வீட்டில் ஃபேன் போட்டால், நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட்டின் அனல் இறங்குகிறது. அடுத்த கோடையில் ஏசி. வீடு கட்டும்போது சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு, அந்த வீடு நிற்கும் காலம் முழுதும் நிலக்கரி எரிய வேண்டியிருக்கிறது. நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

திட்டம் வீட்டு வாசல் வரை வந்தால் பலன் உண்டு என்பதற்கு எல்இடி பல்பு சாட்சி. 2014-இல் அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பு 310 ரூபாய். 2016-இல் அதே பல்பு 38 ரூபாய்க்குக் கிடைத்தது. யாருக்கும் உபதேசம் தேவைப்படவில்லை, விலை இறங்கியது, குண்டு பல்பு போய்விட்டது. 75 வாட் இழுக்கும் ஃபேனுக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேனை இதே வழியில் கொண்டுவரலாம். மொட்டைமாடிச் சூரியத்தகட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் 2024 முதல் கிடைக்கிறது. ஆனால் எட்டு வீடுகளுக்கு ஒரே மொட்டைமாடி உள்ள அடுக்குமாடிகளில் அந்த மாடி யாருடையது என்ற கேள்வியிலேயே திட்டம் நின்றுவிடுகிறது.

சென்னை மாநகராட்சி 2023-இல் ஒரு காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. 2050-க்குள் கரிமச் சமநிலை அதன் இலக்கு. அது மாநகராட்சி எல்லையோடு முடிகிறது. ஊரப்பாக்கம் காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தில், ஊராட்சியாகவே வளர்ந்த ஊர். தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தில் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் அமைப்பு இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் மேஜையில் அந்த அமைப்புக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பது என் கருத்து. நடந்துபோகும் தூரத்தில் ரயிலோ பேருந்தோ இல்லாத மனைப்பிரிவுக்கு அனுமதி தாமதமாகட்டும். இருக்கும் இடத்தில் கூடுதல் மாடிகளுக்கு அனுமதி கிடைக்கட்டும். 2070-க்கான வாக்கு அந்த மேஜையில்தான் காப்பாற்றப்படும் அல்லது கைவிடப்படும்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. மூன்றாவது திட்டமும், விரிந்த பகுதிகளில் புது நகரங்களுக்கான தனித் திட்டங்களும் தயாராகிவருகின்றன. வரைவு வெளியானதும் சட்டப்படி மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்டாக வேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கே வசிக்கும் வாசகர்கள் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடைபாதை எங்கே, பேருந்து எந்த ஆண்டு வரும், மனை விற்பதற்கு முன்பா பின்பா என்று எழுத்தில் கேளுங்கள். தமிழில் ஒரு பக்கம் எழுதினால் போதும்.