பந்தும் பிரஜா உரிமையும்

1944-ம் வருஷம் மார்ச்சு மாதம் நியூயார்க் நகரில் யூடா ஸர்வகலாசாலைக் கூடைப்பந்துக் கோஷ்டியார் டார்ட்மத் கலாசாலையாரை 42-க்கு 40 என்ற கணக்கில் வென்று தேசீய விருதைப் பெற்றனர். ஜயித்தவர்களுள் வாட் மிஸாகா என்பவரும் ஒருவர். உயரம் 5 அடி 7 அங்குலமே. யூடாவில் பிறந்தவர், பெற்றோர் ஜப்பானியர்.

அதே யூடாவில், டோபாஸ் என்னுமிடத்தில், அச்சமயம் ஆயிரக்கணக்கான ஜப்பானிய வம்சத்தார் முள்வேலிக்குள் அடைபட்டிருந்தனர். 1942-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த உத்தரவினால் சிறைப்பட்டோர் சுமார் 1,20,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் பிறப்பினாலேயே அமெரிக்கப் பிரஜைகள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. இதற்குச் சட்டம் என்று பெயரிட நாம் ஒருப்படோம். மேற்குக் கரையோரத்தில் வசியாது உள்நாட்டில் வசித்தமையாலன்றோ மிஸாகாவின் குடும்பம் தப்பியது! 1988-ல்தான் அமெரிக்க சர்க்கார் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் அளிக்கச் சட்டமியற்றினர். அதற்குள் முதியோர் பலர் மாண்டுபோயினர்.

பந்தயம் வென்றவரைச் சர்க்கார் ராணுவத்தில் சேர்த்தனர். யுத்தம் முடிந்ததும், ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பினவர்களைக் கண்டு விசாரிக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. பெற்றோர் பிறந்த நாட்டில், வென்றவர்களின் உடுப்பணிந்து!

திரும்பி வந்து 1947-ல் மற்றொரு பெரும் பந்தயத்தின் இறுதியாட்டத்தில் கெண்டக்கிக் கோஷ்டியின் பேர்பெற்ற ரால்ப் பியர்டை ஒரே புள்ளியோடு நிறுத்தினார். யூடாவுக்கே ஜயம். அவ்வருஷமே நியூயார்க் நிக்ஸ் கோஷ்டியார் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினர். அந்தச் சம்மேளனத்தில் ஆடிய வெள்ளையரல்லாதாரில் அவரே முதல்வர். 3 ஆட்டம், 7 புள்ளிகள், பின்பு நீக்கிவிட்டனர். நிறத்தைக் காரணமாகக் காட்டி அவர் குறைகூறியதில்லை. யூடாவுக்குத் திரும்பி எஞ்சினீயராகி, 2019-ல் தமது 95-வது வயதில் காலமானார்.